எட்டு சதவீத வாக்குக்கு என்ன மதிப்பு?

2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் இரண்டு கட்சிகளுக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் அளித்தது தேர்தல் ஆணையம். ஒன்று நாம் தமிழர் கட்சி. 2024 மக்களவைத் தேர்தலில் எந்தக் கூட்டணியிலும் சேராமல் நின்று, 8 சதவீதத்துக்கும் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றது. ஆனால், மக்களவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மற்றொன்று விடுதலைச் சிறுத்தைகள் கட்சி. திமுக கூட்டணியில் இரண்டே தொகுதிகளில் நின்று, இரண்டையும் வென்றது. அதன் கணக்கில் சேர்ந்த வாக்குகள் சுமார் 2.25 சதவீதம்.

இரண்டு கட்சிகளின் கொள்கையையோ உழைப்பையோ எடைபோடுவதற்காக இதைச் சொல்லவில்லை. விசிகவுக்கு விழுந்த வாக்குகளில் கூட்டணிக் கட்சிகளின் வாக்குகளும் அடக்கம். நாதக போட்டியிட்டதோ மாநிலம் முழுவதும். ஆக, நேரடி ஒப்பீடு முழு நியாயம் ஆகாது. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அளித்த வாக்கு, ஓர் அங்கீகாரச் சான்றிதழோடு நின்றுவிடுவது சரியா?

2026 சட்டமன்றத் தேர்தலை ஒட்டிக் கூட்டணிக் கணக்குகள் டீக்கடை வரை வந்தன. 2024 பிப்ரவரியில் நடிகர் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து, ‘மூன்றாவது அணி எடுபடுமா?’ என்ற பழைய கேள்வி மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. இதற்கு விடை தேடுபவர்கள் பெரும்பாலும் தலைவரின் செல்வாக்கையும் கட்சியின் கட்டமைப்பையுமே அலசுகிறார்கள். தேர்தல் முறையே அந்த விடையில் பாதியை எழுதி வைத்திருப்பதை யாரும் பேசுவதில்லை.

நம் தேர்தல் முறையில் சிறிய கட்சி பிழைத்துக்கொள்ளும். தனித்து நிற்கும் கட்சிதான் பிழைப்பதில்லை. அதற்கான விலையைக் கட்சிகளைவிட அதிகமாகக் கொடுப்பவர் வாக்காளர்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

ஒரு தொகுதியில் 2 லட்சம் வாக்குகள் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 80,000, இரண்டாமவருக்கு 75,000, மூன்றாமவருக்கு 30,000, மீதி மற்றவர்களுக்கு. முதலாமவர் வென்றார். அவரை வேண்டாம் என்று சொன்னவர்கள் 1,20,000 பேர். அவர்களுடைய வாக்குகள் எண்ணப்பட்டதோடு சரி. அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்னும் இந்த முறையில் இரண்டாம் பரிசு கிடையாது.

ஒரு தொகுதியில் இது இயல்பாகத் தோன்றும். 39 தொகுதிகளிலும் ஒரே மாதிரி நடந்தால் என்ன ஆகும்? 2024இல் அதுதான் நடந்தது. திமுக தலைமையிலான கூட்டணி சுமார் 47 சதவீத வாக்குகளுடன் தமிழ்நாட்டின் 39 இடங்களையும் அள்ளியது. மாற்றி வாக்களித்தவர்கள் பாதிக்கும் மேல். அவர்கள் தேர்ந்தெடுத்தவர் என்று சொல்ல மக்களவையில் ஒருவரும் இல்லை.

பெரிய கட்சிகளும் இதற்குத் தப்பியதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் சுமார் 45 சதவீதம் பெற்ற அதிமுகவுக்கு 37 இடங்கள். 24 சதவீதம் அளவுக்குப் பெற்ற திமுகவுக்குப் பூஜ்ஜியம். அதே ஆண்டில் நாட்டளவில் 4 சதவீதத்துக்கு மேல் பெற்று, வாக்குகளில் மூன்றாவது பெரிய கட்சியாக இருந்த பகுஜன் சமாஜுக்கும் பூஜ்ஜியம்தான்.

வாக்குகள் எவ்வளவு என்பதைவிட அவை எங்கே இருக்கின்றன என்பதே முக்கியமாகிவிடுகிறது. 1996 சட்டமன்றத் தேர்தல் இதற்குத் துல்லியமான சான்று. இரண்டு பெரிய கழகங்களையும் தவிர்த்து நின்ற மதிமுக சுமார் 5.8 சதவீதம் பெற்றது. ஓர் இடமும் இல்லை. அதே தேர்தலில் பாமக பெற்றது 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால், 4 இடங்கள். மதிமுகவின் வாக்குகள் மாநிலமெங்கும் பரவிக் கிடந்தன. பாமகவின் வாக்குகள் சில மாவட்டங்களில் அடர்ந்திருந்தன.

இந்த முறையை நமக்குத் தந்த பிரிட்டனிலும் இதே கதைதான். 2024 பொதுத் தேர்தலில் சுமார் 14 சதவீதம் பெற்ற ரிஃபார்ம் கட்சிக்கு 5 இடங்கள். 12 சதவீதம் பெற்ற லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. தங்களுக்கு வாய்ப்புள்ள தொகுதிகளில் மட்டும் முழு பலத்தையும் இறக்கியதே லிபரல் டெமாக்ரட்டுகளின் வெற்றி ரகசியம். 34 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தொழிற்கட்சி, 650இல் 411 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது.

சாதியாலோ வட்டாரத்தாலோ ஓரிடத்தில் குவிந்த வாக்குக்கு இந்த முறை வெகுமதி தருகிறது. மாநிலம் முழுவதற்குமான கொள்கையைப் பேசி, எல்லா ஊர்களிலும் பத்தில் ஒருவரை ஈர்க்கும் கட்சிக்கு ஒன்றுமே தருவதில்லை. சாதி அரசியலைக் குறை சொல்லும் நாம், அதற்கு ஊக்கம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுகொள்வதில்லை.

விஜயகாந்த் நடந்த பாதை

மூன்றாவது கட்சி ஒன்றின் முழு வாழ்க்கையையும் பத்தே ஆண்டுகளில் காட்டியது தேமுதிக. 2005இல் தொடங்கிய கட்சி. மக்களோடும் தெய்வத்தோடும் மட்டுமே கூட்டணி என்று சொல்லிவந்த விஜயகாந்த், 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்துக் களமிறங்கினார். வாக்குகள் சுமார் 8.4 சதவீதம். வென்றது விருத்தாசலத்தில் அவர் ஒருவர் மட்டும். 2009 மக்களவைத் தேர்தலில் வாக்கு 10 சதவீதத்தைத் தாண்டியது, இடம் ஒன்றுமில்லை.

2011இல் அதிமுக கூட்டணியில் சேர்ந்தார். வாக்கு சதவீதம் 8க்கும் கீழே இறங்கியது; இடங்களோ 29 ஆக உயர்ந்தன. திமுகவைப் பின்னுக்குத் தள்ளி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வாக்கு குறைந்தபோது இடம் பெருகிய இந்த விந்தை, வேறெந்த விளக்கமும் இல்லாமலே நம் தேர்தல் முறையைப் புரியவைத்துவிடும்.

அந்த 29 பேரின் பலம் நிலைக்கவில்லை. கூட்டணி முறிந்த பிறகு உறுப்பினர்கள் சிலர் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தனர். 2016இல் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக மீண்டும் இரண்டு கழகங்களையும் எதிர்த்தார். தேமுதிகவுக்குக் கிடைத்தது சுமார் 2.4 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது.

தேமுதிக, மதிமுக, விசிக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தமிழ் மாநில காங்கிரஸ் எல்லாம் சேர்ந்த அந்த அணி, 234இல் ஒன்றையும் வெல்லவில்லை. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்குகளில். இரண்டு கழகங்களின் அணிகளுக்கும் இடையில் இருந்த வாக்கு வித்தியாசம் சுமார் 1 சதவீதம். மூன்றாவது அணி பெற்றது 6 சதவீதம். ‘ஓட்டைப் பிரித்தவர்கள்’, ‘பி டீம்’ என்ற வசைகள் அவர்களைத் துரத்தின.

பாடம் கற்றுக்கொண்டன அந்தக் கட்சிகள். மதிமுக, விசிக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் நான்கும் 2021இல் திமுக கூட்டணியில் தலா 6 தொகுதிகளில் நின்றன. விசிக 4, மதிமுக 4, கம்யூனிஸ்ட் கட்சிகள் தலா 2 என 12 இடங்கள் வந்தன. ஐந்தாண்டுகளில் அவற்றின் மக்கள் செல்வாக்கு பூஜ்ஜியத்திலிருந்து பன்னிரண்டாக வளர்ந்துவிடவில்லை. நின்ற இடம்தான் மாறியது. அதே தேர்தலில் தனித்து நின்ற நாதக 6.6 சதவீதம் பெற்றும் வெறுங்கையோடு திரும்பியது. விகிதப்படி பார்த்தால் அதற்கு 15 இடங்கள் கிடைத்திருக்க வேண்டும். கோவை தெற்கில் மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 1,728 வாக்குகளில் தோற்றார். அவர் கட்சிக்கும் பூஜ்ஜியம்தான்.

பெரிய வீட்டில் வாடகைக் குடித்தனம்

அப்படியானால் கூட்டணியில் சேர்ந்து வென்றால் போயிற்று, இதில் என்ன குறை என்று கேட்கலாம். கூட்டணி குற்றமல்ல, உலகெங்கும் கட்சிகள் சேர்ந்துதான் ஆட்சி நடத்துகின்றன. சிக்கல், அந்தப் பேரம் எப்போது நடக்கிறது என்பதில் இருக்கிறது.

விகிதாச்சார முறை உள்ள நாடுகளில் மக்கள் வாக்களித்த பிறகு, ஒவ்வொரு கட்சியும் தன் பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறது. நம் ஊரில் வாக்குப்பதிவுக்கு முன்பே, பூட்டிய அறைக்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை வாக்காளருக்கு முன்பே தொகுதிப் பங்கீட்டுக் குழு முடிவு செய்துவிடுகிறது. வாடகைக்கு இருப்பவர் சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருப்பதுபோல, கூட்டணிக்குள் போன சிறிய கட்சி ஆளுங்கட்சியை விமர்சிக்கவும் அடுத்த பங்கீட்டை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சின்னத்தை எடுத்துக்கொள்வோம். 2021இல் மதிமுகவின் ஆறு வேட்பாளர்களும் உதயசூரியன் சின்னத்தில்தான் நின்றார்கள். ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் சட்டத்தின் பார்வையில் அந்தக் கட்சியின் உறுப்பினர். கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தும். வாக்காளர் சிறிய கட்சிக்காரர் என்று நம்பித் தேர்ந்தெடுத்தவர், அவையில் பெரிய கட்சிக்காரராக எண்ணப்படுகிறார்.

சின்னத்துக்காகப் பெரிய கட்சியை நாடுவதற்கும் காரணம் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிலையான சின்னம் இல்லை. பல தேர்தல்களாக ‘கரும்பு விவசாயி’ சின்னத்தில் நின்ற நாதக, 2024இல் அது வேறொரு கட்சிக்குப் போய்விட்டதால் ‘மைக்’ சின்னத்துக்கு மாற வேண்டியிருந்தது. வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது புதிய சின்னத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்வது எவ்வளவு பெரிய வேலை என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வாக்காளர் நிலை இன்னும் சங்கடமானது. பிடித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டால் ‘வீணாகிவிடும்’ என்று பயந்து, பிடிக்காதவர் வந்துவிடக் கூடாதே என்று இன்னொருவருக்குப் போடுகிறார். இப்படிப் பயந்து போட்ட ஓட்டும், விரும்பிப் போட்ட ஓட்டும் எண்ணிக்கையில் ஒன்றாகவே தெரிகின்றன. வென்ற கட்சி எல்லாவற்றையும் தன் சாதனைக்கான சான்றாகக் காட்டிக்கொள்கிறது.

கோட்டைத் தாண்டினால் வேறு கதை

இந்த முறையில் புதிய கட்சி வெல்லவே முடியாது என்று சொன்னால் அது தவறு. ஒரு கோட்டுக்குக் கீழே இரக்கமில்லாமல் நடத்தும் இதே முறை, அந்தக் கோட்டைத் தாண்டியதும் அள்ளிக் கொடுக்கிறது.

1967ஐப் பாருங்கள். காங்கிரஸ் பெற்ற வாக்குகள் 41 சதவீதத்துக்கு மேல். தனிக்கட்சியாக அதுதான் முதலிடம். ஆனால், கிடைத்தது 51 இடங்கள். ராஜாஜியின் சுதந்திரா முதல் மார்க்சிஸ்ட் வரை பலரைச் சேர்த்துக்கொண்டு குறைவான தொகுதிகளில் நின்ற திமுக, கிட்டத்தட்ட அதே அளவு வாக்குகளுடன் 137 இடங்களைப் பெற்றது.

1972இல் பிறந்த அதிமுக, 1977இல் நான்குமுனைப் போட்டியில் சுமார் 30 சதவீத வாக்குகளோடு 130 இடங்களை வென்றது. 1989இல் அதிமுக இரண்டாகப் பிரிந்து, காங்கிரஸும் தனித்து நின்றபோது, திமுக 33 சதவீதத்துடன் 150 இடங்களுக்குத் தாவியது. அந்தத் தேர்தலில் மூப்பனார் தலைமையில் கிட்டத்தட்ட 20 சதவீதம் பெற்ற காங்கிரஸுக்கு 26 இடங்கள்தான். அதன்பிறகு 2021 வரை எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் காங்கிரஸ் தனித்து நிற்கத் துணியவில்லை.

டெல்லியில் ஆம் ஆத்மி 2013இல் 28 இடங்களோடு நுழைந்து, 2015இல் 70க்கு 67ஐ வென்றது. 2025இல் சுமார் 44 சதவீத வாக்குகளோடு 22 இடங்களுக்குச் சரிந்தது. அதைவிட இரண்டே சதவீதம் கூடுதலாகப் பெற்ற பாஜகவுக்கு 48.

8 சதவீதத்துக்கு ஒன்றுமில்லை. 33 சதவீதத்துக்கு ஏறத்தாழ எல்லாமே. நடுவில் படிக்கட்டு இல்லை. இதனால் புதிய கட்சிகள் பொறுமையாக வளர வழியில்லாமல், ஒரே பாய்ச்சலில் கோட்டையைப் பிடிக்கும் கனவோடு வருகின்றன. அந்தப் பாய்ச்சலுக்குத் திரைப் புகழோ பெரும் பணமோ சாதித் திரட்சியோ தேவைப்படுகிறது. கொள்கையும் களப்பணியும் மட்டும் உள்ளவர்கள் முதல் இரண்டு தேர்தல்களிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

எதிர்வாதமும் இருக்கிறது

விகிதாச்சார முறை வேண்டும் என்ற கோரிக்கை அரசமைப்பு அவையிலேயே எழுந்தது. எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது பொருந்தாது, அவை பல துண்டுகளாகச் சிதறி நிலையான ஆட்சி அமையாது என்று அம்பேத்கர் அதை மறுத்தார். 1951இல் எழுத்தறிவு 18 சதவீதமாக இருந்த நாட்டில் அந்தக் கவலை நியாயமானது.

இன்னொரு நியாயமும் உண்டு. குடிநீர் வரவில்லை என்றால் யாரிடம் போவது என்பது தொகுதி முறையில் தெளிவாகத் தெரியும். கட்சிப் பட்டியலிலிருந்து வருபவருக்கு அப்படி ஊர் எதுவும் இல்லை.

ஆனால், நிலையான ஆட்சி என்ற வாதம் இந்த முறையில் எப்போதும் எடுபடவில்லை. 1996, 1998, 1999 என நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று மக்களவைத் தேர்தல்களைச் சந்தித்தது இந்தியா. எழுத்தறிவு வாதமும் பழையதாகிவிட்டது. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில்தான் வாக்களிக்கிறார்கள். கர்நாடகம் போன்ற அண்டை மாநிலங்களில் மேலவையின் பட்டதாரித் தொகுதிகளில் பட்டதாரி வாக்காளர்களும் அப்படித்தான் வாக்களிக்கிறார்கள்.

மாற்றிக்கொண்டவர்கள்

இலங்கையில் 1977இல் நடந்த பொதுத் தேர்தல் பழைய முறையின் உச்சம். பாதியளவு வாக்கு பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 இடங்கள். சுமார் 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. அதைவிட மிகக் குறைந்த வாக்குகளை வடக்கு, கிழக்கில் திரட்டி வைத்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு வந்த அரசமைப்பு விகிதாச்சார முறையைக் கொண்டுவந்தது.

அதன் பலன் எங்கே தெரிந்தது? 2020இல் 4 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு 3 இடங்கள் கிடைத்தன. அந்த மூவரில் ஒருவரான அநுர குமார திசாநாயக்க நாடாளுமன்றத்தில் பேசிப் பேசியே நாடறிந்த மாற்றாக வளர்ந்தார். 2024இல் அவர் ஜனாதிபதி. அவர் அணிக்கு 225இல் 159 இடங்கள். பழைய முறையில் அந்த மூன்று இடங்கள் கிடைத்திருப்பது அரிது.

நியூசிலாந்தில் 1981இல் ஐந்தில் ஒரு பங்கு வாக்கு பெற்ற சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன. இத்தகைய முடிவுகளால் எழுந்த அதிருப்தி 1993இல் பொதுவாக்கெடுப்பில் முடிந்தது. 1996 முதல் அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி உறுப்பினருக்கு, மற்றொன்று கட்சிக்கு. தொகுதிக்காரரும் உண்டு, கட்சியின் பலத்துக்கேற்ற இடமும் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

1. உள்ளாட்சியில் தொடங்கலாம். உள்ளாட்சித் தேர்தல் விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இருக்கிறது. மாநகராட்சிகளில் மூன்று, நான்கு வார்டுகளை இணைத்து ஒரே பெரிய வார்டாக்கி, விருப்ப வரிசையில் வாக்களிக்கச் செய்து, பலத்துக்கேற்ப மூன்று, நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். மகாராஷ்டிர நகரங்களில் பல உறுப்பினர் வார்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. விருப்ப வாக்கு மட்டுமே புதிது. ஒரு மாநகராட்சியில் சோதித்துப் பார்த்தால் இழப்பு எதுவும் இல்லை.

2. மக்களவையில் கலப்பு முறை. மக்களவை இடங்களைக் கால் பங்கு கூட்டி, அந்தக் கூடுதல் இடங்களைக் கட்சிப் பட்டியல் வழியே நிரப்பலாம் என்று சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆவது அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. தொகுதி மறுவரையறை பற்றிப் பேசும் இந்த நேரம் அதைத் தூசு தட்ட உகந்தது. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்ற சண்டை தனி. கூடும் இடங்களை எப்படி நிரப்புவது என்பது தனி. இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவை. குறைந்தபட்ச வாக்கு வரம்பை மாநில வாரியாகவே வைக்க வேண்டும். நாடு தழுவிய வரம்பு வைத்தால் மாநிலக் கட்சிகள் அடிபட்டுப் போகும்.

3. சின்னத்துக்குப் பாதுகாப்பு. ஒரு தேர்தலில் 3 சதவீதம் போன்ற குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கட்சிக்கு, அங்கீகாரம் இல்லாவிட்டாலும், அடுத்த தேர்தல் வரை அதே சின்னத்தைத் தேர்தல் ஆணையம் ஒதுக்கிவைக்க வேண்டும். கூட்டணிக் கட்சிகள் பிறர் சின்னத்தில் ஒதுங்கும் கட்டாயம் குறையும்.

4. கூட்டணி ஒப்பந்தம் வெளிப்படையாக இருக்கட்டும். எத்தனை தொகுதி என்பதோடு எந்தக் கோரிக்கைக்காகச் சேர்கிறோம் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டு, வாக்குப்பதிவுக்கு முன் வெளியிட வேண்டும். ஐந்தாண்டு கழித்து எது நிறைவேறியது என்று கேட்க வாக்காளருக்கு ஒரு தாள் கிடைக்கும்.

5. மூன்றாவது கட்சிகளும் கணக்கு போடட்டும். 234 தொகுதிகளிலும் வேட்பாளரை நிறுத்துவது பெருமையாக இருக்கலாம். நடப்பு விதிகளில், 20 தொகுதிகளில் ஐந்தாண்டு உழைத்து, உள்ளாட்சியில் வேர் பிடித்து, பத்துப் பேரை உள்ளே அனுப்புவது அதைவிடப் பயன் தரும்.

இந்த ஐந்தில் முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் அரசமைப்பைத் தொடாமலே செய்யக்கூடியவை. பெரிய கட்சிகள் தாமாக முன்வரமாட்டா. இன்றைய முறை அவற்றுக்கு லாபம். ஆனால், 2014இல் திமுகவும் 2024இல் அதிமுகவும் மக்களவையில் ஓர் இடமும் இல்லாமல் நின்றன. அடுத்த முறை யார் என்பது எந்தக் கட்சிக்கும் தெரியாது. வாக்கு கேட்டு வருபவர்களிடம், ‘உள்ளாட்சியில் விருப்ப வாக்கு முறையைச் சோதித்துப் பார்ப்பீர்களா?’ என்ற கேள்விக்குத் தேர்தல் அறிக்கையில் பதில் எழுதச் சொல்லிக் கேட்பதே இப்போது நாம் செய்யக்கூடிய முதல் வேலை.